கடற்பஞ்சுகளின் வேதிப் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் உயிர்களைப் பார்க்க வருவோரும், விலங்கியல் படிக்கும் மாணவர்களும், வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான கேள்விகள் "இது விஷமா?" என்றே தொடங்குகின்றன. யாருக்கு விஷம், எந்த அளவில், எதற்காக என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் விடைக்குப் பொருள் உண்டு என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கடற்பஞ்சு செடியா, விலங்கா?

விலங்குதான். பள்ளிப் பாடநூல்கள் துளையுடலிகள் என்று குறிப்பிடும் தொகுதி இது. இதுவரை 9,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. உடலெங்கும் உள்ள நுண்துளைகள் வழியே நீரை இழுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களையும் நுண்துகள்களையும் வடித்து உண்டு, எஞ்சிய நீரைப் பெரிய துளைகள் வழியே வெளியேற்றுகிறது. அந்த நீரோட்டத்தை ஸ்காட்லாந்தில் ராபர்ட் கிராண்ட் 1820களில் கண்டு எழுதிய பின்னரே இது விலங்கு என்ற கருத்து வலுப்பெற்றது. நரம்பில்லை, தசையில்லை, ஓடில்லை, ஓடவும் வழியில்லை. வளர்ந்த கடற்பஞ்சு ஒட்டிய இடத்திலேயே வாழ்நாளைக் கழிக்கிறது. இப்படியிருந்தும் 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் குலம் நிலைத்திருக்கிறதே, எப்படி என்பதே இந்தப் பக்கத்தின் பொருள்.

சென்னைக் கடலில் கடற்பஞ்சுகள் உண்டா?

உண்டு, ஆனால் மெரினாவில் நின்று தேடினால் கிடைக்காது. கடற்பஞ்சின் இளம் உயிரி ஒட்டிக்கொள்வதற்கு அசையாத கடினமான தளம் வேண்டும். நம் கரையோ பெரும்பாலும் மணற்பரப்பு. ஆகவே துறைமுகச் சுவர்கள், வடசென்னையில் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்டுள்ள பாறைகள், கரையிலிருந்து விலகிய கடலடிப் பாறைத் திட்டுகள் ஆகியவற்றில்தான் அவை வளர்கின்றன. இழுவைப் படகுகளின் வலையில் சிக்கி வருவதும் உண்டு. மீனைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் கழிவுக் குவியலில் சேற்று நிறத்தில் கிடக்கும் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. புயலுக்குப் பின் கரையொதுங்கும் ஒன்றைக் குச்சியால் பிளந்து பார்த்தால், உள்ளே கிளை கிளையாக ஓடும் கால்வாய்களும் அவற்றில் பதுங்கியிருக்கும் சிறு இறால்களும் நொறுங்கு நட்சத்திரமீன்களும் தெரியும். கூடவே பூண்டையும் அயோடினையும் நினைவூட்டும் ஒரு நெடி எழும். அந்த நெடியின் ஒரு பகுதி, கீழே பேசப்போகும் சேர்மங்களைச் சேர்ந்தது.

இந்த ஊருக்குக் கடற்பஞ்சு ஆய்வில் ஒரு பழைய இடமும் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மதராஸ் சுற்றுவட்டாரக் கடலில் சேகரித்த கடற்பஞ்சுகளை ஆராய்ந்து, ஆர்தர் டெண்டி 1887ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கை வெளியிட்டார். வளமான பகுதி என்றால் அது தெற்கே, மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும்தான். அங்கு மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் பி. ஏ. தாமஸ் தொகுத்த பட்டியலில் 275 இனங்கள் உள்ளன.

கடற்பஞ்சு தன்னை யாரிடமிருந்து காத்துக்கொள்கிறது?

மீன் மட்டுமே எதிரி என்று நினைப்பது பொதுவான பிழை. கடித்துத் தின்னும் மீன்களும் ஆமைகளும் ஓடில்லா நத்தைகளும் ஒரு புறம். பாறையில் இடம் பிடிக்கப் பக்கத்தில் நெருக்கும் பவளங்களும் பாசிகளும் பிற கடற்பஞ்சுகளும் இன்னொரு புறம். மேற்பரப்பில் குடியேறத் துடிக்கும் கொட்டலசு (பாறையிலும் படகடியிலும் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர்), மட்டி, குழாய்ப்புழு ஆகியவற்றின் குஞ்சுகள் மூன்றாவது. துளைகள் அடைபட்டால் கடற்பஞ்சுக்கு உணவும் இல்லை, உயிர்வளியும் இல்லை. ஆகவே முதுகில் ஒரு கொட்டலசு ஒட்டுவதும் அதற்கு உயிர்ப் பிரச்சினைதான். இவற்றோடு, நாள்தோறும் தன் உடற்பருமனைப்போல் பல்லாயிரம் மடங்கு நீரை வடிக்கும் உயிர் என்பதால், நோய் தரும் நுண்ணுயிரிகளும் ஓயாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கின்றன.

ஒரே சேர்மம் இவை எல்லாவற்றுக்கும் எதிராக வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டெர்பீன்கள், ஆல்கலாய்டுகள், புரோமின் ஏற்றப்பட்ட டைரோசின் வழிச் சேர்மங்கள், சிறு புரதத் தொடர்கள் எனப் பல குடும்பங்களைச் சேர்ந்த மூலக்கூறுகள் ஒரே உடலில் இருப்பது இதனால்தான்.

ஒரு சேர்மம் உண்மையிலேயே பாதுகாப்புக்குப் பயன்படுகிறது என்று எப்படித் தெரியும்?

இந்தத் துறையில் மிக அதிகமாகக் குழப்பம் நேர்ந்த இடம் இது. சாற்றைப் பிழிந்து அது எலியைக் கொல்கிறது என்றோ, புற்றணுக்களை அழிக்கிறது என்றோ காட்டுவது எளிது. ஆனால் எந்த எலியும் கடலடியில் கடற்பஞ்சு மேய்வதில்லை. நச்சுத்தன்மையும் உண்ணத் தகாத சுவையும் வேறு வேறு. கொல்லும் பொருள் சுவையற்றதாக இருக்கலாம். அதைத் தின்ற மீன் பிறகு செத்தாலும், தின்னப்பட்ட கடற்பஞ்சுக்கு அதனால் பயனில்லை. துப்ப வைப்பதே அதற்கு லாபம்.

ஆகவே கேள்வியை மீனிடமே கேட்கும் முறையை அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் பாலிக்கும் அவர் குழுவினரும் கரீபியக் கடல் இனங்களில் விரிவாகக் கையாண்டனர். கடற்பஞ்சின் சாற்றை, அதன் உடலில் உள்ள அதே செறிவில், கணவாய்ச் சதைத் தூளும் ஆல்ஜினேட் பசையும் கலந்த கூழில் சேர்க்கிறார்கள். அதை ஊசிக்குழாயில் ஏற்றிக் கால்சியம் குளோரைடு கரைசலுக்குள் அழுத்தினால், இடியாப்ப இழைபோல் கெட்டிப்பட்டு வரும். அதைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறார்கள். சாறு சேர்க்காத துண்டுகளும் அதே நிறத்தில் தயாராகின்றன. நீலத்தலை ரேஸ் என்னும் மீன் இரண்டையும் வாயில் வாங்கும். சாறு கலந்ததை மட்டும் துப்பி, மறுபடி வாங்கி, மறுபடியும் துப்பிவிட்டு விலகினால் அந்தச் சாறு விரட்டும் தன்மையுடையது என்று பதிவாகும். 1995இல் வெளியான ஆய்வில் இப்படிச் சோதிக்கப்பட்ட 71 இனங்களில் ஏறத்தாழ 69 விழுக்காடு மீனை விரட்டின. அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு இனங்கள் மீன் விரும்பித் தின்னக்கூடியவை. இதைப் பலர் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

உடலில் கண்ணாடி முட்கள் இருக்கின்றனவே, அவை போதாவா?

மீன்களைப் பொறுத்தவரை அவை பெரிதாக உதவவில்லை. சிலிக்காவால் ஆன நுண்முட்களை மட்டும் பிரித்து உணவில் கலந்து கொடுத்தபோது மீன்கள் தயங்காமல் தின்றன. முட்களின் முதன்மையான வேலை உடலைத் தாங்கி நிறுத்துவது.

எல்லாக் கடற்பஞ்சுகளும் ஏன் நச்சை உருவாக்கிக்கொள்ளவில்லை?

செலவுதான் காரணம். சிக்கலான ஒரு மூலக்கூறைக் கட்ட ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலை வளர்ச்சியிலிருந்தோ இனப்பெருக்கத்திலிருந்தோதான் எடுக்க முடியும். கரீபியக் கடலில் சுவையான இனங்கள் வேகமாக வளர்கின்றன, கடிபட்ட இடத்தை விரைவாக மூடுகின்றன. விரட்டும் சேர்மம் கொண்டவை மெதுவாக வளர்கின்றன. ஒன்று கடிபட்டபின் ஈடுகட்டும் வழி, மற்றது கடிபடாமல் தடுக்கும் வழி.

இந்தப் பேரத்தின் விளைவு பாறை முழுவதிலும் தெரிகிறது. கடற்பஞ்சு தின்னும் மீன்கள் நிறைந்த, பாதுகாக்கப்பட்ட இடங்களில் நச்சுள்ள இனங்கள் மேலோங்குகின்றன. மீன்கள் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட இடங்களில் சுவையான, விரைந்து வளரும் இனங்கள் பெருகிப் பவளங்களின் மேல் படர்கின்றன. பாலிக்கும் ட்ஸே-லின் லோவும் 2014இல் கரீபியத் தீவுகள் பலவற்றை ஒப்பிட்டு இதைக் காட்டினர். மீனைக் குறைத்தால் கடற்பஞ்சின் வேதியியலும் மாறிவிடுகிறது என்பது என் பார்வையில் இத்துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு. மருந்துச் செய்திகளுக்குக் கிடைக்கும் தலைப்பு இதற்குக் கிடைப்பதில்லை.

வெப்பமண்டலத்தில் எதிரிகள் மிகுதி, ஆகவே அங்குதான் நச்சும் மிகுதி என்று 1970களில் கருதப்பட்டது. பின்னர் அன்டார்க்டிகா, மத்தியதரைக் கடல் இனங்களைச் சோதித்தபோது அந்த விதி அவ்வளவு நேரானதாக இல்லை.

நச்சு அதை வைத்திருக்கும் உயிரையே கொல்லாதா?

கொல்லக்கூடும், அதனால்தான் அதை வைக்கும் இடமும் வடிவமும் முக்கியமாகின்றன. செங்கடலில் வாழும் நெகோம்பாட்டா மேக்னிஃபிகா என்னும் சிவந்த கடற்பஞ்சு லாட்ரங்குலின் என்ற பொருளை உருவாக்குகிறது. அது உயிரணுவின் உட்சட்டகமான ஆக்டின் இழைகள் உருவாவதைத் தடுப்பது. அந்த இழைகள் கடற்பஞ்சின் உயிரணுக்களிலும் உண்டு. ஆகவே சிறப்பு உயிரணுக்களுக்குள் உள்ள சவ்வுப் பைகளில் அது பூட்டி வைக்கப்படுகிறது. தொட்டியில் இந்தக் கடற்பஞ்சைப் பிழிந்தபோது வழிந்த செந்நீரில் மீன்கள் தத்தளித்துச் சில நிமிடங்களில் இறந்தன.

மத்தியதரைக் கடலின் அப்ளைசினா இனம் வேறொரு வழியைக் கையாள்கிறது என்று கூறப்படுகிறது. பெரிய, ஓரளவு சாதுவான புரோமின் சேர்மங்களைச் சேமித்து வைத்து, திசு காயப்பட்டவுடன் நொதிகள் அவற்றை உடைக்க, நுண்ணுயிரிகளை வலுவாகத் தாக்கும் சிறு சேர்மங்கள் கிடைக்கின்றன. ஆனால் கரீபிய அப்ளைசினாக்களில் இதைச் சோதித்தவர்கள், மீனை விரட்டுவதற்கு ஏற்கெனவே உள்ள சேர்மங்களே போதும், காயத்துக்குப் பிந்தைய மாற்றம் அதற்குத் தேவைப்படவில்லை என்று மறுத்தனர். மீனுக்கு எதிராக ஒன்று, காயத்தில் நுழையும் கிருமிக்கு எதிராக மற்றொன்று என்று கொண்டால் இரு தரப்பும் பொருந்திப் போகக்கூடும்.

இவற்றை உருவாக்குவது கடற்பஞ்சா, அதனுள் வாழும் நுண்ணுயிரிகளா?

இரண்டும் உண்டு. சில இனங்களில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நுண்ணுயிரிகளே இருக்கும். தியோனெல்லா ஸ்வின்ஹோயி என்னும் கடற்பஞ்சிலிருந்து எடுக்கப்பட்ட வீரியமிக்க சேர்மங்களில் ஏறத்தாழ எல்லாவற்றையும் என்டோதியோனெல்லா என்ற இழைவடிவ பாக்டீரியா தயாரிக்கிறது என்று யோர்ன் பீல் குழுவினர் 2014இல் மரபணுச் சான்றுடன் நிறுவினர். இத்தகைய இடங்களில் கடற்பஞ்சு வீடு தருகிறது, குடியிருப்போர் காவல் காக்கின்றனர்.

இவ்வளவு காவலை மீறியும் கடற்பஞ்சைத் தின்பவர் உண்டா?

அழுங்கு ஆமை முதலிடம் பெறும். கரீபியக் கடலில் அதன் உணவில் பெரும்பகுதி கடற்பஞ்சே என்று 1988இல் ஆன் மேலான் காட்டினார். அவற்றின் வயிற்றில் கண்ணாடி முட்கள் குவிந்து கிடந்தன. சென்னைக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் உணவுப் பழக்கம் இதுவன்று. அழுங்கு ஆமையின் இறைச்சியைத் தின்று மனிதர்கள் இறந்த நிகழ்வுகள் தென்னிந்தியக் கரையோரத்தில் பதிவாகியுள்ளன. உணவின் வழியே ஆமையின் உடலில் நஞ்சு சேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இன்னும் சுவையான கதை ஓடில்லாக் கடல் நத்தைகளுடையது. ஃபில்லிடியா வரிகோசா என்னும் நத்தை கருமை, நீலம், மஞ்சள் என வெளிப்படையாக உடுத்தித் திரிவது. அதனுடன் ஒரே தொட்டியில் வைத்த மீன்களும் நண்டுகளும் இறப்பதை ஆர். ஈ. ஜோஹன்னஸ் 1963இல் பதிவு செய்தார். ஹவாயில் பால் ஷோயர் குழுவினர் நஞ்சைப் பிரிக்க முயன்றபோது ஒவ்வொரு நத்தையிலும் கிடைத்தது மிகச் சொற்பம். பிறகு புபுகேயா கடற்கரையில் ஒரு வெண்ணிறக் கடற்பஞ்சை நத்தை மேய்வதைக் கண்டு, கடற்பஞ்சையே சோதித்தார்கள். நத்தையில் இருந்த அதே ஐசோசயனைடு சேர்மம் அதில் தாராளமாக இருந்தது. அந்த ஊர்ப் பெயரையே சேர்மத்துக்கும் சூட்டினர். நத்தை எதையும் தயாரிக்கவில்லை. தின்று, சேமித்து, தன் தோலில் பூசிக்கொள்கிறது.

பெசன்ட் நகரில் ஒதுங்கிய நீல டிராகனும் இப்படித்தானா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் கரையொதுங்கிய கிளாக்கஸ் பற்றிய கேள்வி இது. அதுவும் ஓடில்லா நத்தைதான். ஆனால் அது எடுத்துக்கொள்வது தனிச் சேர்மத்தை அன்று. போர்ச்சுகீசியப் போர்வீரன் எனப்படும் நீலக் குமிழ் உயிரியைத் தின்று, அதன் கொட்டும் கருவிகளை வெடிக்காமல் விழுங்கி, தன் விரல் போன்ற நீட்சிகளின் நுனியில் நிறுத்திக்கொள்கிறது. கையில் எடுத்தால் கடுமையாகக் கொட்டும். குழந்தைகள் விரல்நக அளவுள்ள அந்த அழகான நீலத்தை எடுக்கவே விரும்புவர். படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மற்ற முதுகெலும்பற்ற கடலுயிர்கள் என்ன செய்கின்றன?

கடல் அட்டைகளின் உடலில் சோப்புபோல் நுரைக்கும் சப்போனின்கள் உள்ளன. சில இனங்கள் மலத்துளை வழியே பசைமிக்க வெண்ணிழைகளை வீசி நண்டைக் கட்டிப்போடும். கடல் முயல் தான் தின்ற சிவப்புப் பாசியின் நிறமியிலிருந்து ஊதா மை செய்து பீய்ச்சுகிறது. பாறையில் ஒட்டி வாழும் குடுவை வடிவ விலங்குகளான கடற்குடுவைகளுள் சில வனேடியம் என்ற உலோகத்தைக் குருதியணுக்களில் சேர்த்து வைக்கின்றன; மார்ட்டின் ஹென்ஸே 1911இல் கண்டறிந்த இந்தச் செய்தி இன்றும் வேதியியலாளருக்கு வியப்பே.

எனக்குப் பிடித்தது அன்டார்க்டிகாவிலிருந்து வருகிறது. ஹைப்பரியெல்லா என்னும் சிறு கடற்பூச்சிக்கு எந்த நச்சும் இல்லை. அது மீன்கள் துப்பிவிடும் ஒரு நீந்தும் நத்தையைப் பிடித்து, உயிரோடு முதுகில் கட்டிக்கொண்டு நீந்துகிறது. தூக்கியபடியே அதனால் வேகமாக நீந்தவோ இரை தேடவோ முடிவதில்லை, ஆனாலும் விடுவதில்லை.

கடற்பஞ்சு பவளத்துக்குப் பகையா?

சில இனங்கள் பகைதான். டெர்பியோஸ் ஹோஷினோட்டா என்னும் சாம்பல் கலந்த கரும்படலம் உயிருள்ள பவளத்தின் மேல் ஏறி அதைக் கொல்கிறது. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இது பதிவாகியுள்ளது. கிளியோனா இனங்கள் சுண்ணாம்பைத் துளைத்து உள்ளே குடியேறுபவை. முத்துச்சிப்பி ஓடுகளை அவை சல்லடையாக்குவதை நம் முத்துக்குளித்துறை ஆய்வாளர்கள் நெடுங்காலமாக எழுதி வந்துள்ளனர். மறுபுறம், நீரில் கரைந்துள்ள கரிமப் பொருளை உறிஞ்சி, உதிர்ந்த உயிரணுக்களாக மற்ற உயிர்களுக்கு உணவாகத் திருப்பித் தருவதும் கடற்பஞ்சே. இது 2013இல்தான் தெளிவாக நிறுவப்பட்டது.

இந்தச் சேர்மங்களால் கப்பல்களுக்குப் பயன் உண்டா?

உண்டு என்ற எதிர்பார்ப்பு நெடுநாளையது. கடல்நீரில் நிற்கும் எதன் மேலும் கொட்டலசும் மட்டியும் ஏறும்; கல்பாக்கம் அணுமின் நிலையம் குளிர்விப்புக்காகக் கடல்நீரை இழுக்கும் 468 மீட்டர் நீளச் சுரங்கத்தில் பச்சை மட்டிகள் படிவதைத் தடுக்கக் குளோரின் செலுத்த வேண்டியுள்ளது. கப்பல்களின் அடிப்பகுதிக்கு டிரைபியூட்டைல் டின் கலந்த வண்ணப்பூச்சு வந்தபோது சிக்கல் தீர்ந்ததாக எண்ணினர். அதனால் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைப்பது தெரிந்து, அதைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் உருவாகி, 2008இல் நடைமுறைக்கு வந்தது. கடற்பஞ்சின் மேற்பரப்பு ஏன் பெரும்பாலும் தூய்மையாக இருக்கிறது என்று ஆராய்வோர் தேடுவது, குஞ்சுகளைக் கொல்லாமல் ஒட்டவிடாமல் மட்டும் தடுக்கும் மூலக்கூறுகளை. மலிவாகத் தயாரிப்பதும், பூச்சிலிருந்து சீராகக் கசிய வைப்பதும்தான் தடைகள்.

கடற்பஞ்சிலிருந்து மருந்து வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது, ஆனால் செய்திகளில் படிப்பதுபோல் நேராக அன்று. வெர்னர் பெர்க்மன் 1950களின் தொடக்கத்தில் ஒரு கரீபியக் கடற்பஞ்சில் வழக்கத்துக்கு மாறான சர்க்கரை கொண்ட நியூக்ளியோசைடுகளை (டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களைப் போன்ற மூலக்கூறுகளை) கண்டார். அந்த அமைப்பைப் பின்பற்றி ஆய்வகத்தில் கட்டப்பட்ட சைட்டரபின் 1969இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் சென்னை மருத்துவமனைகளில் ஏற்றப்படும் மருந்து அது. ஒரு குப்பியிலும் கடற்பஞ்சு இல்லை.

புற்றணுக்களைத் தாக்கும் ஹாலிகோண்ட்ரின் என்னும் கடற்பஞ்சுச் சேர்மத்தின் கதையில் அளவுச் சிக்கல் தெரியும். ஜப்பானில் ஹிராட்டாவும் உவெமுராவும் 1986இல் 600 கிலோ ஹாலிகோண்ட்ரியா ஒகடாய் என்னும் கடற்பஞ்சைப் பதப்படுத்திப் பெற்ற ஹாலிகோண்ட்ரின் பி 12.5 மில்லிகிராம். கடலை வழித்தெடுத்தாலும் நோயாளிகளுக்குப் போதாது. யோஷிட்டோ கிஷி 1992இல் முழு மூலக்கூறையும் செயற்கையாகக் கட்டினார். அந்த வழியில் எளிமையாக்கப்பட்ட எரிபுலின், பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 2010இல் ஒப்புதல் பெற்றது. கடற்குடுவையிலிருந்து டிராபெக்டெடினும், கூம்புச் சங்கின் நஞ்சிலிருந்து வலிநீக்கியான சிகோனோடைடும் வந்தன. எண்ணிக்கை சிறியது; அதற்காகச் சோதித்துக் கைவிடப்பட்ட சேர்மங்கள் ஏராளம்.

தொட்டால் ஆபத்தா? சாற்றை நாட்டு மருந்தாகப் பயன்படுத்தலாமா?

சாற்றைக் குடிக்கவோ பூசவோ வேண்டாம். புற்றணுவைக் கொல்வது நல்ல அணுவையும் கொல்லும். தொடுவதைப் பொறுத்தவரை, சில இனங்கள் கடும் எரிச்சலும் கொப்புளமும் தரும். கண்ணாடி முட்களும் தோலில் ஏறும். கையுறை இல்லாமல் எடுக்கக் கூடாது.

மீன்தொட்டி வைத்திருப்போருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. கடற்பஞ்சைவிட அவர்கள் அஞ்ச வேண்டியது, பாறைக்கற்களோடு வரும் பாலித்தோவா என்னும் பூப்போன்ற உயிரி. அதிலுள்ள பாலிடாக்சின், இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளுள் ஒன்று. அதை ஒழிக்க எண்ணிப் பாறையைக் கொதிநீரில் போட்டு, எழுந்த ஆவியை மூச்சில் இழுத்த குடும்பங்கள் மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. கொதிக்க வைக்காதீர்கள், உலர்ந்தபின் தூரிகையால் தேய்க்காதீர்கள்.

ஆய்வுக்காகச் சேகரிக்கலாமா?

அனுமதியின்றிச் சேகரிக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. 2001இல் கடல் அட்டைகளும் சுண்ணாம்புக் கடற்பஞ்சுகளும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன. வெளிநாட்டு நிறுவனம் அல்லது ஆய்வாளர் நம் கடலுயிரை ஆராய்ச்சிக்குப் பெற விரும்பினால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தேவை. அதன் தலைமையகம் சென்னையில் தரமணியில் உள்ளது. கல்லூரி மாணவர்கள் தங்கள் துறைத் தலைவர் வழியாக வனத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த இனம், எத்தனை கிராம், எந்த இடம் என்று குறிப்பிட வேண்டும். இழுவை வலைக் கழிவில் வருவதை எடுக்கும்போதும், அது பட்டியலில் உள்ள இனமா என்று முதலில் பார்த்துக்கொள்வது அவசியம்.